வலப்பக்கத்தால் மாட்டிய பிளக் வயர்கள்

பொத்துவில் கல்யாணத்துக்குப் புறப்படுமுன், பழைய காரின் ஸ்பார்க் பிளக்குகளை இன்று முதன்முறையாக நானே மாற்றினேன்.

கழற்றும்போதே நான்கு வயர்களிலும் இடமிருந்து ஒன்று, இரண்டு என்று இலக்கம் எழுதி ஒட்டினேன். அவ்வளவு பயம். வயர்களைத் திரும்ப மாட்டியவர் மனைவியின் தம்பி. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர்.

சாவியைத் திருப்பினேன். கார் இருமி, ஒருமுறை வெடித்து, அடங்கியது.

"மச்சான், ஒண்டாம் வயர எங்க மாட்டின?"

"வலப்பக்கத்தாலதான். நல்ல காரியத்த இடப்பக்கத்தாலயா தொடங்குற?"

புதுச்சாரியோடு நின்ற மனைவி சொன்னாள்: "கார் இன்னும் வலப்பக்கத்தால ஓதப் படிக்கல்ல போல. நேரம் பெயித்து, வாங்க பஸ்ஸுக்கு."

பஸ்ஸில் மச்சானுக்கு இருக்கை கிடைத்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.

எந்தப் பக்கமென்று சொல்லாதது என் பிழைதானோ? நீங்களே சொல்லுங்கள்.