கடைசி லோடு ஹாப்ஸ்

எமில் பெர்ரோனுக்கு மூக்கே கிடையாது என்று டஸ்டி சொல்வான். எமில் மறுத்ததில்லை.

முப்பத்தொரு வருடமாக அவனுக்கு மாக்ஸி ஊரில், பீருக்கு வாசம் தரும் ஹாப்ஸ் காய்களை உலர்த்தும் சூளையில் வேலை. கொடியிலிருந்து வந்த பச்சைக் காய்களை மூன்றடி உயரத்துக்குப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விட்டு உலர்த்த வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை எமில் கையால் சொல்வான். ஒரு பிடி அள்ளிக் கசக்குவான். நடுத்தண்டு வளைந்தால் இன்னும் ஒரு மணி நேரம். முறிந்தால் போதும். கருவி வைத்துப் பார்ப்பவர்கள் அவன் சொன்ன பிறகு ஒரு மரியாதைக்குத்தான் பார்த்தார்கள். ஆனால் வாசம் அவனுக்கு எட்டாது. மீன் விற்கிறவனுக்கு மீன் நாறாது. ஆகஸ்ட் கடைசியில் ஊர் முழுவதும் ஹாப்ஸ் வாடை அடைத்துக்கொண்டு நிற்கையில், பெட்ரோல் பங்கில் வைத்து எமில் தன்னிடம், "என்னடா, எல்லாரும் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கேட்டதாக டஸ்டி ஒரு கதை வைத்திருந்தான். டஸ்டி டிராக்டர் மெக்கானிக். அவன் கதைகளில் பாதியை நம்பலாம்.

அந்த வீட்டில் மூக்கு நோரீனுடையது. எமிலின் மனைவி. ஹாப்ஸ் வியாபாரியின் கிடங்கில் இருபத்தாறு வருடம் மாதிரி பார்க்கும் மேசையில் இருந்தாள். ஒவ்வொரு பொதியிலிருந்தும் செங்கல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அவள் முன்னால் வைப்பார்கள். அவள் கொஞ்சம் பிய்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து, கைகளுக்குள் முகத்தை வைத்து எடுத்து, ஒரு வார்த்தை சொல்வாள். "பம்பளிமாஸ்." "தேவதாரு." "பூனை." பூனை என்றால் பூனை மூத்திர வாடை; லோடு திரும்பிப் போகும். இருநூறு ஏக்கர்க்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

எமில் கார் ஷெட்டில் பேல் ஏல் என்ற பீர் போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு தடவைக்கு ஐந்து கேலன். நானும் போடுகிறேன், டஸ்டியும் போடுகிறான். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் போடுகிறார்கள். முளைகட்டிய தானியமான மால்ட்டை ஊறவைப்பது, சாற்றைக் கொதிக்கவைப்பது, ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பது எல்லாம் கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்த்துச் செய்துவிடலாம். கடைசி வேலை அப்படியல்ல. பொங்கி அடங்கிய பீரில் உலர்ந்த ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டி அப்படியே இறக்க வேண்டும். அடுப்பு இல்லை, சூடு இல்லை. வாசம் மட்டும் இறங்கும். எத்தனை நாள் கிடக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் எடுத்தால் ஒன்றும் ஏறியிருக்காது. விட்டுவிட்டால் புல்லைக் கசக்கிப் போட்டதுபோல் ஆகிவிடும்.

எமிலிடம் ஒரு நோட்டு உண்டு. எடை, வெப்பம், நேரம், எல்லாம் எண்களாக இருக்கும். துணிப்பையை எடுத்த இடத்தில் மட்டும் எண் இருக்காது. பதினோரு வருடமும் ஒரே வரி: நோரீன் சொன்னாள். அவள் பீர் இருக்கும் கண்ணாடிக் குடத்தின் வாயில் குனிவாள். "இன்னைக்கு வேணாம்" என்பாள். இன்னொரு நாள் குனிந்து, "எடு" என்பாள். எடுத்துவிடுவான்.

போன வருடம் ஜனவரி பன்னிரண்டாம் தேதி, வாசலில் உறைந்திருந்த பனிக்கட்டியில் நோரீன் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் ரொட்டி கருகிப் புகை மண்டியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நகரமான யாகிமாவில் ஒரு டாக்டர் பார்த்தார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் அறுந்திருக்கின்றன என்றார். சிலருக்குத் திரும்ப முளைக்கும். ஒரு வருடத்துக்குள் வந்தால் வந்தது. அதற்குப் பிறகு எதிர்பார்க்க வேண்டாம். நான்கு சின்னச் சீசாக்கள் கொடுத்தார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர வேண்டும். எமில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சீசாவைப் பிடித்துக்கொள்வான். கிடங்கிலும் ஒரு வருடம் பொறுப்பதாகச் சொன்னார்கள். அதுவரை மேசை அவளுடையது. அதற்குப் பிறகு வேறு ஆள்.

செப்டம்பரில் அறுவடை வந்தது. ஒவ்வொரு வருடமும் எமில் வெவ்வேறு நாள் லோடுகளிலிருந்து நான்கு பை காஸ்கேட் வகை ஹாப்ஸ் வீட்டுக்குக் கொண்டுவருவான். நோரீன் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். அந்த வருடமும் நான்கு பை வந்தது. ஆனால் அவற்றை அவன் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கார் ஷெட்டிலேயே நின்று, ஒவ்வொன்றாகக் கையில் கசக்கிப் பார்த்தான். கடைசி லோடுதான் உள்ளங்கையில் பிசினாக ஒட்டியது. காய்க்குள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பொடி கைரேகைகளுக்குள் இறங்கி நின்றது. அவன் கை அதுதான் நல்லது என்றது. எடுத்துக்கொண்டான்.

அக்டோபரில் அதை பீரில் இறக்கினான். நான்காம் நாள் நோரீனைக் கூப்பிட்டான். அவள் வந்து வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்து, "நீயே பாத்துக்க, எமில்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். நோட்டில் முதல்முறையாக அந்த இடத்தில் ஓர் எண் ஏறியது.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எமில் கோட்டு கூடப் போடாமல் தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு ஓடிவந்தான். கையில் ஒரு பாட்டில்.

"கிளைட்! வந்துருச்சுடா!"

"எது?"

"மூக்கு! அவ மூக்கு!" மூச்சு வாங்கியது. "இப்பத்தான் முதல் பாட்டிலைத் திறந்தேன். எந்த ஹாப்ஸ்னு சொல்லவே இல்ல. பையக்கூட ஒளிச்சு வச்சுட்டேன். டம்ளரை நீட்டினேன். மோந்து பாத்தா. 'பம்பளிமாஸ்'னா. அப்படியே, அந்தக் காலத்துல சொல்ற மாதிரி, ஒரே வார்த்தை!"

"காஸ்கேட்தானே போட்ட?"

"காஸ்கேட்தான். அவளுக்கு அது தெரியாதுல்ல?"

காஸ்கேட் என்றாலே பம்பளிமாஸ் வாசம்தான்; பதினோரு வருடத்தில் அவன் காஸ்கேட்டைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. நான் அதைச் சொல்லவில்லை.

"கிடங்குக்கு போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை கூட்டிட்டு வான்னுட்டாங்க. நாலு மாதிரி வைப்பாங்களாம். அவ சரியா சொல்லிட்டான்னா அன்னைக்கே மேசைல உக்காந்துக்கலாம்." பாட்டிலை என் கையில் திணித்தான். "நீ குடிச்சுப் பாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம ஷெட்டுக்கு வாங்க. மத்தியானம்."

அவன் போன பிறகு மூடியைத் திறந்தேன். டம்ளரில் ஊற்றி முடிப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"இப்பத்தான சாப்பிட்ட? அதுக்குள்ள என்ன பூண்டு வதக்கிக்கிட்டு இருக்க?"

மறுநாள் காலையில் எமிலின் வண்டி வெளியே கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு அங்கே போனேன். நோரீன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான்கு சீசாக்களும் எதிரில் இருந்தன. என்னைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"பாட்டில் குடுத்தானா?"

"குடுத்தான்."

"சொல்லு. ஒரே வார்த்தை."

"நோரீன்..."

"சுத்தி வளைக்காத. ஒரு வார்த்தை கேட்டேன்."

"வெங்காயம்," என்றேன். "பூண்டும் இருக்கு."

அவள் சீசாக்களை ஒரு பக்கமாக நகர்த்தினாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"கடைசி லோடு. அறுவடை மிஷின் உடைஞ்சு எட்டு நாள் கொடியிலேயே நின்ன வயல். முத்திப் போச்சுன்னா வெங்காயம் அடிக்கும். கைல நல்லா ஒட்டியிருக்கும் அவனுக்கு. அதான் எடுத்திருக்கான்." லேசாகச் சிரித்தாள். "நாலு பையில அதைப் போய் எடுத்திருக்கான் பாரு."

"பின்ன ஏன் பம்பளிமாஸ்னு சொன்ன?"

"அவன் மூஞ்சிய நீ பாக்கல. பத்து மாசமா காலைல எந்திரிச்சதும் சீசாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இருபது விநாடி. அந்த இருபது விநாடியும் அவன் மூச்சு விட மாட்டான், கிளைட். நேத்து டம்ளரை நீட்டிட்டு அதே மாதிரி நின்னான். ஒரு சாயங்காலம் நிம்மதியா இருக்கட்டுமேன்னு வாய்ல வந்துருச்சு. அவன் கிடங்குக்கு போன் போடுவான்னு நான் கண்டேனா?"

"திங்கக்கிழமை என்ன பண்ணுவ?"

"தெரியல."

"சொல்லிடு அவன்கிட்ட."

"நீ சொல்றியா?"

நான் கிராம்புச் சீசாவை எடுத்து மூடியைத் திருகினேன்.

"பாத்தியா," என்றாள்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. எமில் உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கென்று புது டம்ளர்கள் வாங்கி வந்திருந்தான். ஆறு. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். நன்றாக இருக்கிறது என்று இருவரும் சொன்னோம்.

டஸ்டியிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி போனை எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஷெட்டில் நாங்கள் நான்கு பேர். வெளியே மெல்லிய பனி. எமில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கும்படி பொறுமையாக ஊற்றினான். பீர் பார்க்க அழகாகத்தான் இருந்தது, தேன் நிறத்தில். டஸ்டி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனான்.

"எமில், இது பீரா பீட்சாவா? சீஸ் போட மறந்துட்ட போலயே!"

அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு மூக்கில்லன்னு ஊரெல்லாம் சொல்லுவ," என்றான் எமில். "உனக்கு என்னடா ஆச்சு? நோரீனே பம்பளிமாஸ்னு சொல்லியாச்சு."

டஸ்டி நோரீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் டம்ளருக்குள் மூக்கை விட்டான்.

"ஆமா," என்றான். "ஆமாமா. பம்பளிமாஸ். நல்லாவே தெரியுது. நான் சும்மா..."

அவ்வளவு மோசமாக யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவன் கிண்டலை நிறுத்தியதுதான் காட்டிக்கொடுத்தது. டஸ்டி எதற்காகவும் கிண்டலை நிறுத்துகிறவன் அல்ல. எமில் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"கிளைட்?"

நான் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெங்காயம், எமில்," என்றாள் நோரீன்.

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம். அதில் சந்தோஷம் இருந்தது.

"இப்பத் தெரியுதா உனக்கு? வெங்காயம் தெரியுதா?"

"இல்லப்பா. கிளைட் சொன்னான். நேத்து."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணும் தெரியல. தண்ணி மாதிரி இருந்துச்சு. பம்பளிமாஸ்னு நானாத்தான் சொன்னேன்."

எமில் தன் டம்ளரை எடுத்தான். மூக்கை நுரைக்குள் அழுத்திக்கொண்டு நின்றான். பிறகு பாட்டிலின் வாயை முகர்ந்தான். ஹாப்ஸ் பை இருந்த பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்ததை அள்ளி, அவள் செய்வதுபோல் இரண்டு கைக்கும் நடுவே தேய்த்து முகத்தை வைத்துக்கொண்டான். கையை எடுத்தபோது மூக்கின் நுனியெல்லாம் அந்த மஞ்சள் பொடி.

"எனக்கும் ஒண்ணும் தெரியலையே," என்றான்.

டஸ்டி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிடங்குக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்றாள் நோரீன்.

"ஜனவரி பன்னெண்டு வரைக்கும் இருக்கே."

"இருக்கு. நாளைக்கு வரலன்னு மட்டும் சொல்லிடறேன்."

அவன் சரி என்று தலையசைத்தான். பிறகு உட்கார்ந்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் டம்ளரை எடுத்துக் குடித்தான். அவளும் தன்னுடையதை எடுத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றாள்.

நானும் டஸ்டியும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். அதற்கு மேல் முடியவில்லை. கிளம்பும்போது எங்களுடையதை வேலியோரம் பனியில் கொட்டினோம். திரும்பிப் பார்த்தபோது எமில் இரண்டாவது பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான்.

மொத்தம் நாற்பத்தாறு பாட்டில் தேறியிருந்தது. கொட்டிவிடு என்று நான் சொல்லிப் பார்த்தேன். நல்ல பீரை எதற்குக் கொட்டுவது என்றான். ஊரில் வேறு யாராலும் அதைக் குடிக்க முடியாது. அவர்கள் இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் ஒரு பாட்டிலை ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள். டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிந்து ஜனவரி பன்னிரண்டாம் தேதி வந்தபோது இன்னும் ஒரு டஜன் பாட்டில் மீதி இருந்தது.