இடது கால் நொண்டல்

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மாடியிலிருந்து விழுந்தாலும் சத்தமே வராமல் விழுகிறார் என்று சண்டை மாஸ்டர் வைத்தது. இருபத்தாறு வருஷத்தில் அவருக்கே சொந்தப் பெயர் பாதி மறந்துவிட்டது. விழுவதுதான் தொழில். இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து துப்பறியும் ஒரு படத்தில், பெரிய போலீஸாக வரும் கதாநாயகருக்கு அவர் டூப். சின்ன போலீஸுக்கு டூப் போடுகிறவர் நெருப்புச் சண்டையில் பேர் வாங்கியவர். அவரைத் தீப்பெட்டி என்பார்கள். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று சொல்வதெல்லாம் சும்மா. இவர்கள் ஒன்பது வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறார்கள். திரையில் உயிரைக் கொடுக்கும் நண்பர்களாக வரும் அந்த இரண்டு கதாநாயகர்கள்தான், என் கேரவன் பக்கத்தில் அவன் கேரவன் நிற்கக்கூடாது என்பவர்கள்.

முதல் பாகத்தின் கடைசிச் சண்டையில் பஞ்சுவுக்கு வலது முழங்கால் திருகிக்கொண்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் எழுந்து நொண்டியபடியே நடந்தார். இயக்குநருக்கு அது பிடித்துப்போக, மீதிக் காட்சிகளில் கதாநாயகரும் அதே மாதிரி நொண்டினார். படம் ஓடியது. அந்த நடைக்காக மூன்று மாதம் யோசித்தேன் என்று கதாநாயகர் பேட்டி கொடுத்தார். பஞ்சு அதை வீட்டில், காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படித்தார். வலி ஒருத்தனுக்கு, யோசனை இன்னொருத்தனுக்கு. கேட்டால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

இப்போது இரண்டாம் பாகம். இனி ஒரு குதி குதித்தாலும் அந்த முழங்காலுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்திருந்தார். பஞ்சு அதைத் தீப்பெட்டியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பாத்திரமே வலது காலை நொண்டுகிற பாத்திரம், யார் கண்டுபிடிப்பார்கள்? அவருக்கு இந்தப் படத்தை முடித்தாக வேண்டும். "இதை நல்லபடியா முடிச்சுக் குடுடா, அடுத்ததுல இருந்து என் பக்கத்துல அசிஸ்டென்ட்டா நில்லு" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். தரையில் நின்றுகொண்டு, மேலே நிற்பவனைப் பார்த்துக் குதிடா என்று சொல்லும் வேலை. அதைவிடப் பெரிய ஆசை எதுவும் அவரிடம் மிச்சமில்லை. கால் விஷயம் பாதியில் தெரிந்தால் அதுவும் போச்சு.

முதல் பத்து நாளும் பேச்சுக் காட்சிகள். பதினோராம் நாள் பஞ்சுவுக்கு முதல் ஷாட். அவர் ஒத்திகைக்கு நடந்ததைப் பார்த்ததும் காட்சிக்குக் காட்சி பொருந்துகிறதா என்று கன்டினியூட்டி பார்க்கும் பெண் பழைய படத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், டூப் தப்பா நொண்டுறாருன்னு நினைச்சேன். பழைய படத்தை எடுத்துப் பார்த்தா அவர்தான் சரி. நாம பத்து நாளா எடுத்திருக்கறது பூரா இடது கால்."

விஷயம் இதுதான். கதாநாயகர் பழைய படத்தைப் போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, திரையில் தெரிவது மாதிரியே கண்ணாடியிலும் தெரியும்படி பழகியிருக்கிறார். கண்ணாடி அதன் வேலையைச் செய்துவிட்டது. இடம் வலம் மாறிப்போனது.

இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டார். பத்து நாளைத் திரும்ப எடுப்பது நடக்கிற காரியமில்லை. "பழைய காலுக்கு லீவு குடுத்துட்டீங்களா" என்று சின்ன போலீஸ் கேட்பது மாதிரி ஒரு வசனம் வைத்தால் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று முடிவானது. பிறகு சொன்னார்: "டூப்பைக் காலை மாத்திக்கச் சொல்லுங்க."

ஏதோ சட்டையை மாற்றச் சொல்வது மாதிரி. இடது காலை நொண்ட வேண்டுமானால் உடம்பு முழுக்க வலது கால் மேல்தான் இறங்கும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"அண்ணே, முடியுமா? மாஸ்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார் தீப்பெட்டி, மெதுவாக.

"நீ வாயத் தொறந்தா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேசாம இரு."

சன்ஷேடிலிருந்து வேன் கூரை, கூரையிலிருந்து தரை, எழுந்து ஆறு அடி. இரண்டு டூப்பும் சேர்ந்து, வெட்டில்லாமல் ஒரே ஷாட். குதித்ததில் குறை ஒன்றுமில்லை. வழக்கம்போலச் சத்தமே வரவில்லை. நடைதான். முதல் அடியில் கண் இருட்டியது. மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கப் பார்த்தது. அப்போது, யாரும் சொல்லாமலே, பக்கத்தில் நடந்த தீப்பெட்டி அவர் கைக்கு அடியில் தோளைக் கொடுத்தார். மீதி மூன்று அடியும் அந்தத் தோளில்தான் போனது.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுதான்யா நட்பு. இதையே ஹீரோ ரெண்டு பேரையும் வச்சு க்ளோசப் எடுக்கணும்." மத்தியானம் எடுத்தார்கள். வேர்வை நாற்றம் என்று ஒருவர் முகம் சுளிக்க, ஒன்பது டேக் ஆனது. டூப்புகள் இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து, தங்கள் தோள் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மாஸ்டர் வந்து முதுகில் தட்டினார். "இந்த வயசுல என்னமா விழுறடா. உன்னைப் போய்க் கீழ நிக்க வைக்க எனக்குப் பைத்தியமா? மூணாம் பாகத்துக்கும் நீதான்னு சொல்லிட்டேன்."

பஞ்சு சரி மாஸ்டர் என்றார். மறைக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

வீட்டில் படியேறி வந்தவரை மனைவி வாசலிலேயே பார்த்தாள். வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து, அவர் இடது முழங்காலில் வைத்தாள்.

"அதுல்ல. இந்தக் கால்," என்றார்.

"பின்ன எதுக்குங்க அந்தக் காலை நொண்டிக்கிட்டு வந்தீங்க?"

பஞ்சு தன் கால்களைப் பார்த்தார். ஷாட் முடிந்து, பஸ் ஏறி இறங்கி, தெருவெல்லாம் கடந்து, வீட்டுப் படி வரைக்கும் கதாநாயகரின் தப்பைத்தான் நடந்து வந்திருக்கிறார். வலிக்கிற காலுக்கு நொண்டக்கூட உரிமை இல்லாமல் போய்விட்டது. அவருக்கு அழுகை வந்தது. மனைவி பையை எடுத்து வலது காலுக்கு மாற்றினாள்.

"இந்தப் படத்தோட விழுற வேலை முடிஞ்சுதுல்ல?" என்று கேட்டாள்.