பேர் தெரியாத பொருட்கள்

திருப்புலிவனத்தில் எது புரியாவிட்டாலும் மெக்கானிக் நமச்சிவாயத்திடம்தான் கொண்டுபோவார்கள். வயலில் விழுந்த வெள்ளைப் பெட்டியைக் குண்டு என்று அவர் சொல்ல, ஊரே எட்டி நின்றது. பக்கத்து வீட்டு உண்ணாமலை மட்டும் அதைப் படமெடுத்தாள். வாட்ஸ்அப்பில் விவசாயிகள் குழு பூச்சிப்பொறி என்றது. அவள் விடாமல் தேடி, 'பேர் தெரியாத பொருட்கள்' என்ற முகநூல் குழுவைப் பிடித்தாள். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: வானிலை பலூனில் கட்டிவிடும் கருவி.

அன்றிலிருந்து ஊர் அவள் வாசலில் நின்றது. நேற்றுவரை ரீசார்ஜ் பண்ணத் தெரியாதவளுக்கு வந்த வாழ்வைப் பார்! நமச்சிவாயத்துக்கு வயிறு எரிந்தது. பொய்ப்பெயரில் அதே குழுவில் சேர்ந்தார். கடைக் குப்பையில் தனக்கே விளங்காத துருப்பிடித்த தண்டு ஒன்றைப் பொறுக்கிப் படம் போட்டு, "கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்று சவால் விட்டார்.

முதல் பதில் உண்ணாமலையுடையது.

"அண்ணே, அது எங்க வூட்டு கிரைண்டரு தண்டு. போன தையில ரிப்பேருக்கு வாங்கினு போனீங்க. மாறிப்போவக் கூடாதுன்னு நெயில்பாலிஷ் பொட்டு வெச்சதே நான்தான்."