ஆள் வந்த நாள், காகிதம் வந்த நாள்

நான் எழுதிய கதையை நண்பரிடம் படிக்கக் கொடுத்தது என் தவறு. ஏழு பக்கம், கையெழுத்துப் பிரதி. மறுநாள் காலை லோதி ரோடு பூங்காவில், வழக்கமான பெஞ்சில் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"உம்ம ஆளுக்கு நாலு பக்கம் நியாயம். எனக்கு மூணு வரி. இது கதையா வே, சார்ஜ் ஷீட்டா?"

"அது நீங்க இல்லய்யா, கதாபாத்திரம்."

"திருநெல்வேலிக்காரன், பொடி போடுவான், தபால் பதிவேடு எழுதுவான். வேற யாரு, உம்ம மாமனாரா?"

எழுந்து போய்விட்டார். அதன்பின் ஒன்பது நாள் வரவில்லை. ஓய்வு பெற்றபின் பதினான்கு வருடமாகத் தினமும் நான்கு சுற்று சேர்ந்து நடக்கிறவர்கள் நாங்கள். தனியாக நடந்தால் மூன்றாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. டில்லியில் தமிழில் சண்டை போட எனக்கு வேறு ஆளும் இல்லை. பிள்ளைகள் 'அச்சா, அச்சா' என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கதை எங்கள் அலுவலகத்தில் நடந்ததுதான். ஒரு பியூன் இறந்துபோனார். குடும்பம் அரசுக் குவார்ட்டர்ஸில் மேலும் சில காலம் இருக்க வேண்டுமானால் அவர் மனைவி குறித்த தேதிக்குள் மனுக் கொடுக்க வேண்டும். மனு மூன்று நாள் தாமதமாக வந்தது. நண்பர் எழுதும் தபால் பதிவேட்டில் முந்தைய பக்கத்தின் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. அவர் அதில் பழைய தேதியிட்டு ஏற்றிவிட்டார். சரிபார்ப்பது என் வேலை. ஒரே வரிசை எண் இரண்டு முறை வந்திருந்தது. சிவப்பு மையால் அடித்து, சரியான தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். குடும்பம் வீட்டைக் காலி செய்தது. நண்பருக்கு மெமோ வந்தது. அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டில் பிரதியை எடுத்து எண்ணினேன். பதிவேட்டைச் சரிபார்க்கும் என் ஆள் பேசுவது நூற்றுப் பன்னிரண்டு வரி. அவர் ஆள் மூன்றுதான். கோப்பில் குறிப்பு எழுதிப் பழகிய கை. எதிர்வாதத்தைச் சுருக்கி மேலே போட்டு, நம் வாதத்தை விரித்துக் கீழே எழுதினால் மேலதிகாரி ஒப்புதல் தருவார். என் கதையிலும் ஏழாம் பக்கத்தில் ஒரு மேலதிகாரி வந்து என் ஆளைப் பாராட்டியிருந்தார்.

சரி, நண்பருக்கும் நூற்றுப் பன்னிரண்டு வரி கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்காவது வரியில் பேனா நின்றுவிட்டது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

பத்தாம் நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவரைப் பிடித்தேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தேதியை ஏன் போட்டீங்க?"

"கதைக்குக் கேக்கீரா, உமக்குக் கேக்கீரா?"

"ரெண்டுக்கும்."

காயைக் கீழே வைத்தார். "அந்தப் பொம்பள கடைசி நாளே வந்துட்டா வே. கேட்ல பாஸ் குடுக்கல. மூணு நாளு வாசல்லயே நின்னா. டீ குடிக்கப் போவும்போதெல்லாம் பாத்தேன். நாலாம் நாளுதான் என்னம்மான்னு கேட்டேன். நீரு காகிதம் வந்த நாளைப் பாத்தீரு. நான் ஆளு வந்த நாளைப் போட்டேன்."

"அந்த மாசம் தாமதம்னு பதினோரு மனுவைத் திருப்பினோம். அவங்களும் வாசல்ல நின்னிருந்தா?"

"பதினோரு பேருக்கும் போட்டிருக்கணும்."

"அப்புறம் பதிவேடு எதுக்கு?"

"அப்பம் ஆபீசு எதுக்கு வே?"

வாங்கப்போகிறீர்களா இல்லையா என்று கடைக்காரர் இந்தியில் அதட்டினார்.

மேலதிகாரியை நீக்கினேன். கதை ஒன்பது பக்கமானது. இப்போது இருவரும் பேசுகிறார்கள், தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. சிவப்பு மையை மட்டும் எடுக்கவில்லை. அந்தப் பதிவேடு இன்று வந்தாலும் அடிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

திருத்திய பிரதியைக் கொடுத்தனுப்பினேன். படித்துவிட்டு அவர் பூங்காவுக்கு வந்தார். இரண்டாவது சுற்றில் ஆரம்பித்தார்.

"இப்பமும் அடிச்சிருக்கீரு."

"ஆமா."

"அடியும். அப்பந்தான் நான் ஏச முடியும்." பத்தடி போனதும், "வெள்ளைச் சேலைன்னு எழுதியிருக்கீரு. அவ பச்ச கட்டியிருந்தா" என்றார்.

மனு தள்ளப்பட்ட பிறகு என் மேசை முன்னாலும் வந்து நின்றவள்தான். சேலை நினைவில்லை, முகமும் நினைவில்லை. வரிசை எண் மட்டும் இருக்கிறது: நானூற்றுப் பதினேழு.