பாட்டில்லாத நடவு

என் வீட்டார் நல்லவர்கள் என்று எழுத எனக்கு வராது. விழிதியூரில் நிலம் வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். எனக்கு எட்டு வயது.

அந்தப் புரட்டாசியில் சித்தப்பா காரைக்காலிலிருந்து ஒரு புது இசைத்தட்டு வாங்கி வந்தார். சினிமாப் பாட்டு. “நாத்து நட்ட கைக்கு நாழி நெல்லு இல்லே, பாத்து நின்ன பேருக்குப் பத்தாயம் கொள்ளலே” என்று ஆரம்பிக்கும். ஒருமுறை கேட்டால் மெட்டு ஒட்டிக்கொள்ளும். அப்பா சாய்வு நாற்காலியில் கிடந்தபடி காலாட்டிக்கொண்டே கேட்பார். “இன்னொரு தரம் போடுடா. உள்ளதைத்தான் எழுதியிருக்கான்” என்பார். எங்கள் நெல் பத்தாயத்தை ஒட்டித்தான் அந்தப் பாட்டுப் பெட்டி இருந்தது.

எனக்கு இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வயலுக்கு ஓடினேன். சம்பா நடவு. ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுக்கிறவளுக்கு என் அம்மா வயது. நான் அவளை வா, போ என்றுதான் பேசுவேன். அப்படித்தான் என்னை வளர்த்திருந்தார்கள்.

வரப்பில் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். அவள் நிமிர்ந்தாள்.

“இது ஏது பாப்பா?”

“சினிமாப் பாட்டு. எங்க வூட்டுப் பெட்டியில பாடுது.”

“ஐயா கேக்குறாங்களா?”

“தெனம் கேக்குறாங்க.”

பக்கத்தில் நட்டவள் சிரித்தாள். “அப்ப நாமளும் ஒரு பெட்டி வாங்கிப் பேச வச்சிரலாம்டி. நம்ம வாய் பேசுனாத்தானே குத்தம்.”

மூன்றே நாளில் எடுத்துக் கொடுக்கிறவள் வாயில் அது வேறு பாட்டாகிவிட்டது. மெதுவாக, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். முப்பது பேர் வாங்கிப் பாடியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெட்டி தோற்றது. அப்பாவும் கேட்க வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

அப்பாவைக் கண்டதும் பாட்டு நின்றது.

“பாடு, அப்பா கேக்கட்டும்.”

“வேணாம் பாப்பா. இன்னொரு நாளைக்கு.”

“பாடலேன்னா ஒன்னோட பேச மாட்டேன்.”

“பாடேன்” என்றார் அப்பா.

பாடினாள். குனிந்தபடி, தலை தூக்காமல். யாரும் வாங்கிப் பாடவில்லை. ஒற்றைக் குரல். அப்பாவின் கால் ஆடவில்லை. முடியும்வரை கேட்டுவிட்டு, “நல்ல தொண்டை” என்றார். வீட்டுக்கு வந்ததும், வயல்வேலையை மேற்பார்க்கும் காரியக்காரரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

மறுநாள் அவள் வயலில் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் நின்றாள். பொழுது சாயும்வரை நின்றாள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒரு பண்ணையிலும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அன்று முப்பது பெண்கள் நட்டார்கள். பேச்சில்லை, இருமல்கூட இல்லை. சேற்றில் விரல் இறங்கும் சத்தம் மட்டும். நல்ல வெயில். எனக்கு ஏனோ குளிர்ந்தது.

“ஏதாச்சும் பாடுங்கடி! பொணம் கெடக்குற வூடு மாதிரி இருக்கு” என்று காரியக்காரர் கத்தினார். ஒருத்தியும் நிமிரவில்லை.

எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் இவர்களுக்கு அடி மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். வரப்பில் ஏறி நின்று நானே எடுத்துக் கொடுத்தேன். நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர்ந்துதான் நடுவார்கள். நான் பாடப் பாட, குனிந்த முப்பது தலைகளும் ஒரே சீராக என்னைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயின. இத்தனை சுலபமான பாட்டைக்கூட மறந்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் உரக்கப் பாடினேன்.