வெயிலுமுத்து குடிக்காத பாலிஷ்

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சந்தில், மதுவிலக்குச் சட்டத்தை முழுசாக மதித்து நடந்தவன் மெக்கானிக் வெயிலுமுத்து ஒருவன்தான். சட்டத்துக்குப் பயந்து அல்ல, மாமனாருக்குப் பயந்து. மாட்டுங்காவில் விறகுக்கடை வைத்திருந்த பிரம்மநாயகம், மகள் சண்முகவடிவை அவனுக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஒரு நாள் குடிச்சாலும் எம் மவள நான் கூட்டிட்டுப் போயிருவேன்."

ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தார். மருமகனின் தோளில் கையைப் போட்டு, மூக்கை அவன் வாயருகே கொண்டுபோய், "சௌக்கியமாவே?" என்று கேட்பார். அவன் சொல்லும் பதில் அவருக்கு முக்கியமில்லை. பதிலோடு வரும் காற்றுதான் முக்கியம்.

விறகு ஏற்ற அவரிடம் ஒரு லாரி இருந்தது. உலகச் சண்டைக் காலத்துப் பட்டாள லாரி, ஏலத்தில் எடுத்தது. அறுபத்து நாலாம் வருஷம் மழைக்கு முன்னால் அதன் பெட்ரோல் பம்பு கெட்டுப்போய், லாரி மருமகனின் சந்துக்கு வந்து நின்றது. எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கையளவு இருக்கும் அந்தப் பம்புக்குள் ஒரு சவ்வு உண்டு. அது மேலும் கீழும் அசைந்து, டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குத் தள்ள வேண்டும். சவ்வு கிழிந்துவிட்டது. புதுச் சவ்வு கப்பலில் வர வேண்டும். கப்பலில் வந்துகொண்டிருந்ததெல்லாம் கோதுமைதான்.

வெயிலுமுத்து முதலில் ஆட்டுத்தோலில் ஒரு சவ்வு வெட்டிப் போட்டான். தாராவியில் தோலுக்கா பஞ்சம்? ஆனால் பெட்ரோல் தோலிலிருந்த எண்ணெயையெல்லாம் உறிஞ்சிவிட, இரண்டே நாளில் அது அப்பளம் மாதிரி விறைத்து உடைந்தது. அடுத்து சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டான். அது பெட்ரோலில் ஊறி, சர்க்கரைப் பாகில் போட்ட ஜாமூன் மாதிரி உப்பியது.

"பட்டுத் துணியில பாலிஷ் தடவிப் பாரு. மரத்துக்கு அடிக்கிற பாலிஷ் காஞ்சிட்டா பெட்ரோல்ல கரையாது" என்றார் மாமனாரின் லாரி டிரைவர் கலீலுல்லா.

சண்முகவடிவு தன்னுடைய கிழிந்த பட்டு ரவிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தச்சர் பூலோகம் அரை பாட்டில் பாலிஷ் கொடுத்தார். கொடுக்கும்போதே, "இத மடியில மறைச்சு வச்சுக்கோ. ஸ்பிரிட்டுல கரைச்சது. இந்த ஏரியாவுல இத வடிகட்டிக் குடிக்கிறவனே ஜாஸ்தி" என்றார். மறைக்க நமக்கு என்ன இருக்கிறது என்று வெயிலுமுத்து கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான். சந்து முழுக்கப் பார்த்தது.

மூன்று மடிப்புப் பட்டு, நான்கு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் விளிம்புகளுக்கு மட்டும் கடைசிப் பூச்சு கொடுத்தான். ஒரு கையில் பம்பு, ஒரு கையில் திருப்புளி. மூன்றாவது கை இல்லாததால் ஈரச் சவ்வைப் பல்லில் கடித்துக்கொண்டான். வேலை முடிந்தபோது உதடு பழுப்பாகியிருந்தது. ஆவி பட்டுக் கண் சிவந்திருந்தது. ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் குனிந்தே நின்றதில் கால் மரத்து, நாலு அடி தள்ளாடி நடந்தான்.

ஐந்தாவது அடியில் மாமனார் நின்றிருந்தார்.

"சௌக்கியமாவே?"

"சௌக்கியம் மாமா" என்று வெயிலுமுத்து வாயைத் திறந்தான்.

பிரம்மநாயகம் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு அவன் காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தார்.

"ஏட்டி வடிவு, பெட்டிய எடு."

"எப்பா, அவுக குடிக்கல. பம்புல தடவுனாக."

"பம்புல தடவுனா வாயில எப்படிட்டி வரும்?"

வெயிலுமுத்துவிடம் இதற்குச் சரியான பதில் இருந்தது. ஆனால் "பல்லுல கடிச்சிருந்தேன் மாமா" என்று அவன் சொன்னபோது அது அவனுக்கே குடிகாரன் பேச்சு மாதிரிதான் கேட்டது.

பெட்டி வெளியே வந்தது. பிரம்மநாயகம் அதைத் தன் லாரியிலேயே ஏற்றச் சொன்னார். அப்போது சண்முகவடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் வாறேன்ப்பா. ஆனா ஒண்ணு. இந்த லாரி நாலு நாளாக் கெடையில கெடந்தது. இன்னைக்கு வழியில நின்னுபோச்சுன்னா, அவுக பாலிஷக் குடிச்சிட்டாகன்னு நானே ஒத்துக்கிடுதேன். நிக்காமப் போச்சுன்னா அது பம்புலதான் இருக்கு. நான் திரும்பி வந்துருவேன்."

"சரி" என்றார் பிரம்மநாயகம். சொன்ன பிறகுதான் யோசித்தார்.

ஹேண்டிலின் முதல் சுற்றிலேயே லாரி கிளம்பியது. கலீலுல்லா ஓட்டினார், பக்கத்தில் அப்பாவும் மகளும். வெயிலுமுத்து பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் காதை வைத்திருந்தான். ஒரு தும்மல் வந்தாலும் பெண்டாட்டி போய்விடுவாள். தன் சொந்த லாரி நின்று தொலையாதா என்று பிரம்மநாயகம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினார்.

மாட்டுங்கா வந்தது. லாரி நிற்கவில்லை.

"இந்தக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டாலே வந்துரும். செம்பூருக்கு விடு" என்றார் பிரம்மநாயகம்.

சயான் ஏற்றத்தில் முனகிக்கொண்டே ஏறியது. செம்பூரும் வந்தது.

"மொதலாளி, திருப்பவா?"

"தேவ்நாருக்கு விடும்வே."

தேவ்நாரில், ஆளில்லாத ரோட்டில், லாரி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

பிரம்மநாயகம் குதித்து இறங்கினார். "பாத்தியாட்டி?"

பின்னாலிருந்த வெயிலுமுத்துவுக்கு இப்போது உண்மையாகவே கால் தள்ளாடியது. இறங்கிப் பானெட்டைத் திறந்தான். பம்பின் மேலிருந்த கண்ணாடிக் கிண்ணம் காலி. ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. சண்முகவடிவு இறங்கி வந்து, பின்னாலிருந்த பெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலீலுல்லா ஒரு குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்து முதலாளியிடம் நீட்டினார். குச்சி அடி வரைக்கும் காய்ந்திருந்தது.

"அஞ்சு லிட்டர் போதும்னு நீங்கதான சொன்னீங்க. மாட்டுங்காவுக்குப் போக அது ஜாஸ்தி. தேவ்நாருக்கு வந்தா?"

பிரம்மநாயகம் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை அவர். "டாங்கியில ஊத்து. தானா ஏறுதா பாப்போம்" என்றார்.

கலீலுல்லா நடந்து போய் ஒரு டப்பாவில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினார். வெயிலுமுத்து முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். பிரம்மநாயகம் விறகுத் தராசின் முள்ளைப் பார்ப்பதுபோல் கண்ணாடிக் கிண்ணத்தருகே முகத்தை வைத்துக்கொண்டார். நாலு சுற்றில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் ஒரு குமிழி. ஏழாவதில் சிவப்பாகப் பெட்ரோல் எட்டிப் பார்த்தது. பத்தாவதில் கிண்ணம் நிரம்பி, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏறுது" என்றார் மெதுவாக.

 அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரியின் பின்பக்கம் போய், மூச்சுவாங்க ஏறி, பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"நீரு முன்னால போயி அவ பக்கத்துல உக்காரும் மாப்ளே. எனக்குக் கொஞ்சம் காத்து வேணும்."

லாரி தாராவியைப் பார்த்துத் திரும்பியது. செம்பூர் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏட்டி வடிவு, பம்பு தாங்குதான்னு பாக்கத்தான் இவ்வளவு தூரம் விடச் சொன்னேன், கேட்டியா?"

"அப்படியே வச்சுக்கிடுவோம்ப்பா" என்றாள் சண்முகவடிவு.