கல்லறைப் பாதையும் வெள்ளிக்கிழமைக் குளிப்பும்

இன்று அலுவலகப் படிக்கட்டில் மரத்துக்குப் பூசும் மெழுகு மணத்தபோது, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த வால்தம்ஸ்டோவில் எங்கள் தமிழ் ஆட்கள் வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு வாடகைக்கு எடுத்த பழைய பிரார்த்தனை மண்டபமும், மெழுகு பூசி, உட்கார்ந்தால் வழுக்கும் அதன் மர வாங்குகளும், ஈரச் சொக்ஸ் வாடையும், புகை அலாரத்துக்குப் பயந்து கொளுத்தாமலே காட்டிய கற்பூரமும் நினைவில் எழுந்தன. மண்டபத்தைக் கட்டியவர்களின் கல்லறைகள் பாதையின் இருபுறமும் பாசி பிடித்து நின்றன. சுடலைக்கோ செத்தவீட்டுக்கோ போய்வந்தால் குளிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஆகவே உலகமே குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போக, நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்து அந்தக் குளிரில் மறுபடியும் குளித்தோம்.

ஒருநாள், மண்டபச் சாவி வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கல்லறைகளைக் காட்டி, தங்கள் முறைப்படி கும்பிட விடாமல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் இவர்கள், தாங்களே செங்கல் சுமந்து இதைக் கட்டினார்கள் என்றார். அன்று துவாயோடு குளியலறைக்குப் போன என்னை அம்மா மறித்தார்.

"வேண்டாம், விடு. அதுகளும் எங்களைப்போல ஓடிவந்த சனந்தானே."

இன்று வேலை முடிந்து அந்தப் பக்கம் போனேன். மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது; கல்லறைகளில் ஒன்றையும் காணவில்லை. வீட்டுக்கு வந்து, செத்தவீட்டுக்குப் போய்வந்ததுபோலத் தலைக்குக் குளித்தேன்.